தொட்டியில் முழுகிய ரோபோ ஏரியில் முழுகவில்லை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறோம். நாங்கள் செய்த நீர்மூழ்கி ரோபோவைப் பழவேற்காடு ஏரியில் ஓட்டிக் காட்டினால்தான் புராஜெக்ட் மதிப்பெண் என்று கைடு சொல்லிவிட்டார். பிவிசி பைப் சட்டம், சின்னப் பம்பு மோட்டார்கள், நடுவே அக்ரிலிக் குழாய்க்குள் எலக்ட்ரானிக்ஸ். தண்ணீருக்குள் வைஃபை சிக்னல் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அதனால் கரையிலிருந்து 15 மீட்டர் கேபிள்.

முதலில் கசிவைப் பார்த்தோம். குழாய்க்குள் டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து மூடி, கல் கட்டி ராத்திரி முழுக்கக் கல்லூரித் தொட்டியில் போட்டோம். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஈரம் வந்தது கேபிள் வழியாக. மேலுறையில் சின்னக் கீறல் போதும், செம்பு இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் ஏறிவிடும். நுழைவிடத்தில் உறையை உரித்து, இழைகளை ஈயத்தால் பற்றவைத்து எபாக்ஸிப் பசை ஊற்றியதும் நின்றது.

அப்புறம் மின்னழுத்தம். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் போக வர 30 மீட்டர் என்றால் ஏறக்குறைய அரை ஓம். மோட்டார்கள் 5 ஆம்பியர் இழுத்தால் இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். கரையில் 24 வோல்ட் கொடுத்து, ரோபோவுக்குள் 12 ஆகக் குறைத்துக்கொண்டோம்.

பழவேற்காட்டில் நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. யார், என்றைக்கு, எங்கே வலை கட்டுவது என்பதற்குப் ‘பாடு’ முறை உண்டு. கரையில் இருந்த மீனவர் அண்ணனிடம் கேட்டு, அன்று வலை இல்லாத இடமாக இறக்கினோம். தொட்டியில் அழகாக அமிழ்ந்தது இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தது. இது கடலோடு சேர்ந்த ஏரி. உப்பு நீர் நல்ல நீரைவிடக் கனமானது. 12 லிட்டர் நீரை விலக்கும் ரோபோவை முழுக் கடல்நீர் 300 கிராம் அளவுக்குக் கூடுதலாக மேலே தள்ளும். ஏரியில் ஆற்று நீரும் கலப்பதால் அந்த அளவு மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். “இதுக்கெதுக்குப்பா கம்ப்யூட்டரு? இந்தா, கட்டிப் பாரு” என்று வலையில் கோக்கும் ஈயத்தைக் கை நிறையக் கொடுத்தார் அண்ணன். ஒவ்வொன்றாகக் கட்டினோம், அமிழ்ந்தது.

ஆழம் காட்டும் அழுத்த சென்சாரிலும் நீரின் அடர்த்தியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 1 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் பிசகும். அளவு குறித்த மூங்கில் கழியை நட்டு ஒப்பிட்டோம். திசைகாட்டி மட்டும் தொட்டியைவிட இங்கே ஒழுங்காக இருந்தது. தொட்டிச் சுவரின் கம்பிதான் அதுவரை குழப்பியிருக்கிறது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மோட்டார் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அரை மீட்டரில் நிற்க வைங்க” என்று சொல்லிவிட்டு, நீவாடு (நீரோட்டம்) இழுக்கும்போது ஆழமும் திசையும் எவ்வளவு அலைகின்றன என்று பதிவான எண்களை மட்டும் பார்த்தார். என்னைக் கேட்டால் அதுதான் சரியான தேர்வு. ஓடுகிற வீடியோவை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஆழத்துக்கு முழு மதிப்பெண், திசைக்குப் பாதிக்கு மேல். கேமராவுக்குப் பூஜ்யம். கலங்கிய நீரில் அது காட்டியது வெறும் சேற்று நிறம். “ஒலியால் பார்க்கிற சோனார் போடலாமே” என்றார். அதன் விலை எங்கள் ரோபோவுக்கு ஆன மொத்தச் செலவைவிட அதிகம் சார் என்றோம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.