ஓடுகிறவனின் முதுகு

மார்த்தாண்டம் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், நான் கிரிமினல் வக்கீல் என்று தெரிந்ததும் யாராவது நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக் கேட்பார்கள்: "சாரே, ராத்திரி கள்ளன் வீட்டுக்குள்ள ஏறினா வெட்டலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மகனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, மனைவியோடு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர். கேள்வியில் வீம்பு இல்லை, பயம்தான் இருக்கிறது.

சட்டம் அவருக்கு நிறையவே இடம் கொடுக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 103-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவாகத் தொடர்கிறது. கொள்ளையடிக்க வந்தால், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைந்தால், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தால், தற்காப்பு உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். ஓட்டைப் பிரித்து இறங்குவதும் ஜன்னல் வழியாக நுழைவதும் 'உடைத்து நுழைவது'தான். முற்றத்துக் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டை உருவிக்கொண்டு போவது அப்படி இல்லை. அப்புறம் 37-வது பிரிவு இருக்கிறது: தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. அதைச் சொன்னால் பலருக்கும் முகம் மாறிவிடும்.

வழக்கு என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, "அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான்?" என்பதைத்தான். பிறகு, கையில் என்ன இருந்தது, விளக்கு எரிந்ததா, எத்தனை வெட்டு, எப்போது போலீசைக் கூப்பிட்டீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் காயம் முன்னாலா பின்னாலா என்றுதான் என் கண் தேடும்.

ஒரு வழக்கில் அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அடுக்களைக் கதவை நெம்பி ஒருவன் உள்ளே வந்தான். வீட்டுக்காரர் விழித்துக் கூச்சல் போட்டார். அவன் வெறுங்கையோடு ஓடினான். அண்ணன் தம்பி இருவரும் வெட்டுக்கத்தியோடு ரப்பர் விளைக்குள் துரத்தினார்கள். காயங்கள் எல்லாம் பின்னந்தலையிலும் முதுகிலும். அடுக்களையில் வைத்து அவர்களுக்கு இருந்த உரிமை, அவன் வீட்டை விட்டு வெளியே ஓடியதும் முடிந்துவிட்டது. "விட்டா திரும்பி வருவான் சாரே" என்றார் தம்பி. உண்மையாகவே அப்படி நம்பினார். ஆனால் நாளைக்கு வரக்கூடியவனை இன்றைக்கே கொல்லச் சட்டம் விடாது, விடவும் கூடாது. கொலைக் குற்றச்சாட்டு குறைந்ததே தவிர, சிறை தப்பவில்லை.

மறுபக்கமும் உண்டு. இருட்டில், கட்டிலுக்கு அருகே ஆள் நிற்கும்போது யாரும் அளந்து அடிக்க முடியாது. பதறிப்போனவரின் அடியைப் பொன் நிறுக்கும் தராசில் வைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. தற்காப்பு என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்ட வேண்டும் என்றாலும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அப்படிப்பட்டவருக்காக நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் வாதாடுவேன்.

ஆனால் சட்டம் கொடுக்கும் இடம் முழுவதையும் என் மனம் ஏற்பதில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தபின், ஐந்து பவுன் மாலைக்காக ஒருவனைக் கொல்வது, அது நடுராத்திரியே ஆனாலும், தவறு என்றுதான் நினைக்கிறேன். மாலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது மின்கம்பி விஷயத்தில். மலையடிவாரத்தில் பன்றிக்குப் போடுகிற கம்பியைக் கள்ளனுக்கும் போடலாமா என்று கேட்கிறார்கள். தன் கழிப்பறையைப் பிறர் பயன்படுத்தாமல் இருக்க ஒருவர் மின்கம்பி இழுத்து, ஒரு பெண் செத்துப்போன பீகார் வழக்கில், இது தற்காப்பே இல்லை என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பிக்குக் கள்ளனும் தெரியாது, விடிகாலை ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் தெரியாது.

போன மாதம் துபாயிலிருந்து ஒருவர் இதையேதான் போனில் கேட்டார். அம்மா மட்டும் வீட்டில். பின்வாசலுக்கு விளக்கும், படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழும் போடச் சொன்னேன். சத்தம் கேட்டால் வெளியே வராமல் தாழிட்டுக்கொண்டு 112-ஐயும் பக்கத்து வீட்டுக்காரரையும் அம்மா கூப்பிடட்டும் என்றேன். தாழ் போட்டாயிற்று. விளக்குக்கு எலக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லையாம்.