ஒரு மணி போன்

எங்க ஜி.எம். சார் போய்ச் சேர்ந்து இந்த ஆடியோட ரெண்டு வருஷம் ஆகுது. கம்பெனி சார்பா பேப்பர்ல குடுத்த கண்ணீர் அஞ்சலில "சிறந்த நிர்வாகி, பாசமிகு குடும்பத் தலைவர்"னு போட்டிருந்துச்சு, எழுதிக் குடுத்தது நாந்தான், நடுராத்திரி அவசரத்துல எழுதினது. இப்ப எடுத்துப் படிச்சா யாரு போட்டோவ மேல ஒட்டினாலும் பொருந்தும் போல இருக்கு. அது உறுத்திட்டே இருந்துச்சு, அதான் இத எழுதறேன்.

நான் திருப்பூர் வந்தது 2006ல. வெளிநாட்டுக்கு இவ்வளவு துணிதான் அனுப்பலாம்ங்கற கோட்டா முறை 2005 ஜனவரியோட முடிஞ்சு ஊரே ஆர்டர் ஆர்டர்னு ஓடிட்டிருந்த நேரம். பி.காம். முடிச்ச கையோட ஜூனியர் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர் எடுத்ததுல இருந்து சரக்கு போற வரைக்கும் பின்னாடியே ஓடற ஆளு. ஜிஎஸ்எம்னா (துணியோட எடைக் கணக்கு) என்னன்னு கூடத் தெரியாது. சார் அதே ஊர்ல 80கள்ல பனியன் கம்பெனில கணக்கெழுத வந்து, கட்டிங், செக்கிங், ஷிப்பிங்னு எல்லா டேபிள்லயும் உக்காந்து எந்திரிச்சு ஜி.எம். ஆனவர்.

மதியம் ஒரு மணி ஆச்சுன்னா வீட்டுக்குப் போன் போடுவார். ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் எதிர்ல உக்காந்திருந்தாலும் சரி, "ஒன் மினிட்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவார். மூணே கேள்வி. சாப்டியா, மாத்திரை போட்டியா, தண்ணி வந்துச்சா. (எங்க ஊர்ல குழாய்ல தண்ணி எப்ப வரும்னு தெரியாதுங்க, அது நிஜமாவே குடும்ப விஷயம்தான்.) கடைசியா, ராத்திரி எத்தன மணிக்கு வருவேன்னு சொல்லிட்டு வச்சிருவார். எட்டுன்னா எட்டு. ஷிப்மென்ட் வாரத்துல "இன்னிக்கு ஒன்னே கால் ஆகும் அம்மிணி, கதவப் பூட்டிட்டுப் படுத்துக்க"ன்னு மத்தியானமே சொல்லிருவார். நாங்கெல்லாம் "அஞ்சு நிமிஷம், கெளம்பிட்டேன்"னு சொல்லிட்டு இன்னும் பேக்கிங் லிஸ்ட் அடிச்சிட்டிருப்போம், அதப் பாத்தா அவருக்குக் கோவம் வரும். "பொண்டாட்டிகிட்டயே தேதி மாத்தறவன் பையர்கிட்ட எப்படிய்யா கரெக்டா சொல்லுவ?"

இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், மெர்ச்சன்டைசர் வேலையே பாதி சமாளிப்புதான். நூலே வந்திருக்காது, "துணி ப்ராசஸ்ல இருக்கு"ன்னு மெயில் போயிரும். பாக்ஸ் தூத்துக்குடி போயி, அங்கிருந்து சின்னக் கப்பல்ல கொழும்பு போயி, அங்க பெரிய கப்பல் ஏறணும், நடுவுல ஒண்ணு தவறுனா அடுத்ததுக்குக் காத்துக் கெடக்கணும், இல்லன்னா நம்ம காசுல ஏர்ல அனுப்பணும், அதோட அந்த ஆர்டர்ல லாபம்னு ஒண்ணும் மிஞ்சாது. அந்தப் பயத்துலதான் கடைசி நாள் வரைக்கும் பொய் சொல்றது. சார் மட்டும் லேட்டாகும்னு தெரிஞ்ச அன்னிக்கே பையருக்கு எழுதச் சொல்லுவார்.

அது எவ்வளவு கஷ்டம்னு 2011ல பாத்தேன். சாயத்தண்ணி நொய்யல் ஆத்துல கலக்கற கேஸ்ல ஜனவரி கடைசில ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லிருச்சு, எழுநூறுக்கு மேல பட்டறை. எங்ககிட்ட சாயம் போடாத கோரா துணி மலையாட்டம் கெடக்குது, சாயம் போட ஆளில்ல. லாரி புடிச்சு லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் அனுப்பினோம், திரும்பி வந்தா ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு ஷேடு, ஒரு நேவி ப்ளூவ மட்டும் நாலு தடவ திருப்பி விட்டோம். முதலாளி "யாருக்கும் மூச்சு விடாதீங்க, பாத்துக்கலாம்"ங்கறார். சார் அவர் ரூம்ல அரை மணி நேரம் கத்திட்டு வெளிய வந்து, ஒவ்வொரு பையருக்கும் எந்த ஆர்டர் எத்தன வாரம் தள்ளும்னு அன்னிக்கே எழுத வச்சார். ரெண்டு ஆர்டர் உடனே கேன்சல். முதலாளி ஒரு மாசம் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசல. ஒரு பையர் மட்டும் தேதிய மாத்திக் குடுத்தான், இன்னிக்கு வரைக்கும் எங்ககிட்ட தான் இருக்கான். அதுக்காகச் சார் செஞ்சது வியாபாரத்துல சரிதான்னு சொல்ல மாட்டேன், கூட்டிக் கழிச்சா அந்த வருஷம் நட்டம்தான்.

இதுல இன்னொண்ணு. அவர் பொறந்த ஊரு அதே நொய்யல்ல இருக்கற ஒரத்துப்பாளையம் டேமுக்குக் கீழ. சாயத்தண்ணி அந்த டேம்ல தேங்கி, அவங்கப்பா கெணறு உப்பாயி, காட்டுல ஒண்ணும் வெளையாமப் போன குடும்பம். டீ குடிக்கறப்ப ஒரு நா சொன்னார், "கோர்ட்டு செஞ்சது சரிதான் தம்பி. நம்ம துணி மாட்டிகிச்சு, அது வேற." அதுக்கு மேல பேசல, கிளாச வச்சிட்டுக் கட்டிங் பக்கம் போயிட்டார்.

நல்ல மனுஷன்னு மட்டும் எழுதினா பேப்பர்ல வந்த அஞ்சலி மாதிரியே ஆயிரும். சம்பளம் ஏத்தறதுல கருமி. அளவு தப்பா இருந்தா சாம்பிள் பீஸ மூஞ்சிலயே வீசுவார், என் மேல விழுந்திருக்கு. பையனோட பட்டமளிப்பு விழாவுக்குப் போகல, அந்த வாரம் ஷிப்மென்ட், வர முடியாதுன்னு மூணு வாரம் முன்னாடியே பையன்கிட்ட சொல்லிட்டார், சொன்ன மாதிரியே போகல. காரியத்தன்னிக்கு சாரோட வீட்டுக்கார அக்கா இதச் சொல்லி, "வர்றேன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாமுங்க, அவன் அந்த மூணு வாரமாவது சந்தோசமா இருந்திருப்பான்"னாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. பையன் பக்கத்துல நின்னு பந்திக்கு எல போட்டுட்டிருந்தான், காதுல விழுந்துச்சான்னு தெரியாது.

கணையத்துல கட்டின்னு தெரிஞ்சப்புறமும் நாலு மாசம் வேலைக்கு வந்தார். அவரோட கோவமெல்லாம் டாக்டர் மேல. "எத்தன தடவ கேட்டாலும் பாக்கலாம் பாக்கலாம்ங்கறாங்க தம்பி, ஒரு தேதி சொல்ல மாட்டேங்கறாங்க. நம்ம மெர்ச்சன்டைசருகளே தேவல." சொல்லிட்டுச் சிரிச்சார். அப்பவும் ஒரு மணிக்கு எந்திரிச்சுப் போன் போட்டார். மாத்திரை போட்டியான்னு இப்ப அந்தப் பக்கத்துல இருந்து கேட்டிருப்பாங்க போல, "போட்டாச்சு, போட்டாச்சு"ன்னு சொல்லிட்டிருந்தார்.

போன வாரம் ஷிப்மென்ட். வீட்ல இருந்து "எப்ப வருவீங்க"ன்னு மெசேஜ். அஞ்சு நிமிஷம்னு டைப் பண்ணிட்டு, அழிச்சிட்டு, 10.45னு போட்டேன். வீடு போய்ச் சேர்ந்தப்ப மணி 11.10, வாசல் லைட்டு எரிஞ்சிட்டிருந்துச்சு.