இலுப்பைக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி

எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தாவரப் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் உயிரினங்களை இப்படிப் பதிந்து வைக்க 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் வழி செய்திருக்கிறது. காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கண்மாய்க் கரை, கோயில் காடு, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டு என்று சுற்றி, 140 வரிகளை இரண்டே வாரத்தில் எழுதிவிட்டேன். உயிரியல் ஆசிரியை என்ற தைரியம்.

சரிபார்த்த தாவரவியல் பேராசிரியர் சிவப்பு மையோடு திருப்பி அனுப்பினார். செடியையே தவறாக அடையாளம் கண்ட இடங்கள் பத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் பெயரை எழுதிய முறையில் வந்த பிழை. திருத்தி முடிக்க நாலு மாதம் ஆனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த நாலு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், அறிவியல் பெயரை லத்தீன் எழுத்தில்தான் பதிய வேண்டும். நான் தமிழ் ஒலியில் மட்டும் எழுதியிருந்தேன். ஒரே வேம்பு மூன்று பக்கத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது. (இங்கே தமிழில் தருவது வாசிக்க மட்டும்.) பெயரின் முதல் சொல்லான பேரினப் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்து. இரண்டாம் சொல்லான சிற்றினப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து, அது ஒரு நாட்டின் பெயரிலிருந்து வந்திருந்தாலும். ‘அசாடிராக்டா இண்டிகா’வில் இண்டிகா இந்தியாவைத்தான் சொல்கிறது, ஆனாலும் சிறிய எழுத்துதான். அச்சில் இரண்டு சொல்லும் சாய்வெழுத்து. கையால் எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அடிக்கோடு. நான் இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்திருந்தேன். அவற்றுக்குப் பின்னால் வரும், பெயர் சூட்டியவரின் பெயர் சாயாமல் நேராக நிற்க வேண்டும்.

டிடிபி கடைத் தம்பி, “டீச்சர், ரெண்டும் பேருதானே, ரெண்டுக்கும் பெரிய எழுத்தே இருக்கட்டுமே” என்றான். கணினியும் அவன் பக்கம்தான். சிறிய எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திய பிறகுதான் வேலை நகர்ந்தது.

அதிகம் கற்றுக்கொடுத்தது இலுப்பை. பங்குனியில் ஒரு விடியற்காலை கோயில் காட்டுக்குப் போனேன். ஓர் ஆச்சி சொளகில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இலுப்பைப்பூ காம்போடு விழாது. தடித்த இதழ்க்குழல் மட்டும் கழன்று, நடுவில் துளையோடு, வெளிர் மஞ்சளாய்க் கிடக்கும். கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது வாயில் போட்டால் புரியும். பாடம் செய்யக் காகிதத்துக்குள் வைத்து அழுத்தினேன். மறுநாளே சாறு கசிந்து பழுப்புக் கறை. தினமும் காகிதம் மாற்றித்தான் அந்தத் தாள் தேறியது.

“இதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன பேரு, டீச்சரம்மா?” என்று ஆச்சி கேட்டார். பழைய தாவர நூலில் பார்த்த ‘பாசியா லாங்கிஃபோலியா’வைச் சொன்னேன். அதையேதான் பட்டியலிலும் எழுதியிருந்தேன். சரியான வரி இது: மதுகா லாங்கிஃபோலியா (ஜே. கோனிக் எக்ஸ் எல்.) ஜே.எஃப். மேக்பிர்.

அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. கோனிக், இந்த இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். ‘எக்ஸ்’ என்றால் பெயரை முன்வைத்தவர் கோனிக், முறைப்படி வெளியிட்டவர் லின்னேயஸ். ‘எல்.’ என்ற ஒற்றை எழுத்து லின்னேயஸுக்கு மட்டுமே உரியது, ‘எல்.எஃப்.’ என்றால் அவர் மகன். அடைப்புக்குறி போட்டிருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைத்த பெயர் என்று அர்த்தம். வெளியே நிற்கும் மேக்பிரைட், அதை மதுகாவுக்கு மாற்றியவர். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் இந்த வேலைப் பிரிவினையே பொய்யாகிவிடும். சுருக்கப் பெயர்களை நாமாக உருவாக்கக் கூடாது, ஐ.பி.என்.ஐ. என்ற இலவச இணையப் பட்டியலில் பார்த்து, புள்ளி மாறாமல் எழுத வேண்டும்.

பெயர் மாற்றம் இன்றும் நின்றபாடில்லை. சீமைக்கருவையை ப்ரோசோபிஸ் என்றே படித்தோம். 2022-ல் அந்தப் பேரினத்தைப் பிரித்து இதை நெல்ட்டூமா ஜூலிஃப்ளோரா ஆக்கினார்கள். வன்னி மட்டும் ப்ரோசோபிஸாகவே இருக்கிறது. ஆவாரை, காசியாவிலிருந்து சென்னா ஆகிப் பல காலமாகிறது. ஆகவே ‘பழைய பெயர்’ என்று தனிக் கட்டம் சேர்த்தேன். பழைய கோப்புகளோடு ஒப்பிடுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. கீழாநெல்லிக்கு நான் எழுதிய ‘ஃபில்லாந்தஸ் நிருரி’ அமெரிக்கச் செடியின் பெயர். எங்கள் வரப்பில் இருப்பது ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. இது பெயர் மாற்றமல்ல, என் அடையாளப் பிழை. பேரினத்தை ‘பி.’ என்று சுருக்கியதையும் நீக்கினேன். ப்ரோசோபிஸ், ஃபில்லாந்தஸ், பொங்கேமியா எல்லாமே ஆங்கிலத்தில் அந்த ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன.

பறவைகளுக்கு விதி வேறு. வேட்டங்குடி சரணாலயம் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கிருந்து எங்கள் கண்மாய்க்கு வந்துபோகும் வக்காவுக்கு ‘நிக்டிகோராக்ஸ் நிக்டிகோராக்ஸ்’ என்று இருந்ததை, தட்டச்சில் இரட்டித்துவிட்டது என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டேன். விலங்குகளில் பேரினமும் சிற்றினமும் ஒரே சொல்லாக இருக்கலாம், தாவரத்தில்தான் கூடாது. விலங்குகளுக்குப் பெயர் சூட்டியவரின் பெயருக்குப் பின் காற்புள்ளி வைத்து ஆண்டும் எழுதுவார்கள். வக்காவுக்கு (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறி உண்டு, அவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்ததால். மயிலுக்கு இல்லை, அன்று வைத்த பேவோவிலேயே இன்றும் இருக்கிறது. பேரினம் மாற்றியவரின் பெயரையும் விலங்குகளுக்கு எழுதுவதில்லை.

கடைசியாக ஒப்படைத்தபோது ஒரு வரி மட்டும் ‘கேப்பரிஸ் எஸ்பி.’ என்று நின்றது. ‘எஸ்பி.’ என்றால் சிற்றினம் இன்னும் தெரியவில்லை என்று பொருள். அதற்குச் சாய்வும் இல்லை, அடிக்கோடும் இல்லை. கண்மாய்க் கரையில் இருக்கும் அந்த முள்செடியை நான் இதுவரை பூவோடு பார்க்கவில்லை. ஊகித்து ஒரு பெயரை எழுத மனம் வரவில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறேன்.