பவளத்துக்குப் பேன் பார்த்த கதை

கடல் தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மீன் வளர்க்க ஆரம்பித்தவர், போகப் போகத் தண்ணீர் வளர்க்கிறவராக மாறியிருப்பார். உப்பு லிட்டருக்கு 35 கிராம், சூடு 26 டிகிரி, நைட்ரேட் இவ்வளவு, கால்சியம் இவ்வளவு என்று எல்லாம் மனப்பாடமாக இருக்கும். வீட்டுக்காரரின் சர்க்கரை அளவைக் கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். எங்கள் வில்லிவாக்கம் ஃப்ளாட்டின் ஹாலில் நிற்பது மூன்றடித் தொட்டி. சென்னை மே மாதத்தில் மனுஷர்களுக்கு ஃபேன், தொட்டிக்குச் சில்லர். "அதுக்கு ஏசி, எனக்கு விசிறியா?" என்று கரண்ட் பில் வரும்போதெல்லாம் அத்தை கேட்பார். அத்தை என்றால் மாமியார். பில் கட்டியதும் விட்டுவிடுவார். அடுத்த பில் வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை நிம்மதி.

தொட்டியில் மீன் கம்மி. ஒரு ஜோடி க்ளவுன், ஒரு கோபி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஜோவா என்ற மெத்துப் பவளம். பாறையில் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பின் மேல் ஒரு வட்டத் தட்டு, தட்டைச் சுற்றிக் குட்டிக் குட்டி விரல்கள், இது ஒரு பாலிப். நீல விளக்குப் போட்டால் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும்.

பவளம் என்று கேள்விப்பட்டதும் எதிர் ஃப்ளாட் சார் ஒருநாள் விசாரணைக் கமிஷனே வைத்துவிட்டார். தலைமைச் செயலகத்தில் ரிட்டயர் ஆனவர். வீட்டில் பவளம் வைக்கலாமா என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லிருந்து கல் பவளம் முழுக்க இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் விசிறியும் கறுப்புப் பவளமும் அதிலேயே வரும். ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய துண்டுதானே என்று எடுத்துவந்து ஷோகேஸில் வைத்தாலும் தப்புதான். ஜோவா கல் கூடு கட்டாத வேறு இனம், அந்தப் பட்டியலில் இல்லை. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, இருந்தாலும் ஒரு பர்மிஷன் லெட்டர் வாங்கி வச்சுக்கோ" என்றார். யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொட்டியில் ஒரு ஜோவாக் கூட்டம் மட்டும் மூடிக்கொண்டது. பகல் முழுக்க விளக்கு எரிகிறது, பக்கத்துக் கூட்டமெல்லாம் விரிந்து கிடக்கிறது, இது மட்டும் உர்ரென்று இருக்கிறது. தண்ணீரைச் சோதித்தேன், எல்லாம் சரி. "தூங்குது போல, விடு" என்றார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அவருக்கு உலகமே தூங்குவதாகத்தான் தெரியும். அந்த வாரமே ஓரத்திலிருந்த பாலிப்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. தூங்குகிறவர்கள் காணாமல் போவதில்லை.

ஜோவாவைத் தின்பதற்கென்றே அட்டை மாதிரி ஒரு கடல் பிராணி உண்டு. நூடிபிராங்க் என்பார்கள். ஓடு இல்லாத நத்தைக் குடும்பம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், நன்றாகத் தின்று வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டர். இதன் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். ஜோவாவைத் தின்னும்போது அதற்குள் இருக்கும் பாசியைச் செரிக்காமல் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். அதனால் பச்சை ஜோவாவைத் தின்றது பச்சை, ஆரஞ்சைத் தின்றது ஆரஞ்சு. நீல வெளிச்சத்தில் அதுவும் மின்னும். முதுகு முழுக்க நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள் வேறு, அசல் பாலிப்பின் விரல்கள் மாதிரியே இருக்கும். பகலில் அடியில் பதுங்கி, விளக்கு அணைந்த பிறகு சாப்பாட்டுக்கு வரும்.

எனவே ராத்திரி வேட்டை. வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும் என்பதால் டார்ச் வாயில் சிவப்பு ஜிகினாத் தாளைக் கட்டிக்கொண்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னல் திரையை மூட மறந்துபோனது. மறுநாள் லிஃப்டில் இரண்டாம் மாடி அக்கா, "ராத்திரி உங்க வீட்ல ஏதோ பூஜையா?" என்று தணிந்த குரலில் கேட்டார். பூச்சி பிடித்தேன் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால், பூஜை என்றே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அந்த ராத்திரி எவ்வளவு நேரம் பார்த்தும் என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அத்தை, "என்னம்மா பாக்குற?" என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தவர், நான் மூச்சு விடுவதற்குள், "இதோ ஒண்ணு. அந்தக் காம்புகிட்ட இன்னொண்ணு. இது பேனும்மா" என்றார். நாலு பெண்களுக்குத் தலை பார்த்து வளர்த்த கண். அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு பாலிப் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பாலிப் நகராது.

"அதான் கண்டாச்சே, கொதிக்கிற தண்ணிய ஊத்து. மூட்டப்பூச்சியே செத்துப்போகும்."

"ஐயோ அத்தை, வேணாம்!" என்று நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரரே எழுந்து வந்துவிட்டார். சில ஜோவாக்களில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. 1971-இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். உலகத்தில் இருக்கும் கடும் விஷங்களில் ஒன்று. ஜோவா ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இதை எடுத்துச் சொன்னதும் அத்தை பூச்சியை மறந்துவிட்டார். "இத்தனை நாளா விஷத்தையா ஹால்ல வச்சிருக்க?" தொடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, கையுறை போட்டால் போதும், தண்ணீருக்கு வெளியே சுரண்டக் கூடாது என்று விளக்கவே பாதி ராத்திரி ஆனது. வீட்டுக்காரர் அன்றிலிருந்து சோஃபாவின் அந்தக் கோடியில்தான் உட்காருகிறார்.

மறுநாள் போவிடோன் அயோடின் வாங்கப் போனேன். பெரிய பாட்டிலாகக் கேட்டதும் மெடிக்கல் ஷாப் தம்பி பதறி, "காயம் எங்கக்கா?" என்றார். மீன் தொட்டிக்கு என்றேன். "மீனுக்கு அடிபட்டுடுச்சா?" என்று அவர் கேட்டபோது பின்னால் நின்ற க்யூ முழுக்க என்னைப் பார்த்தது.

வேலை என்னவோ சுலபம்தான். தொட்டித் தண்ணீரையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து, டீ நிறம் வரும்வரை அயோடின் சொட்டி, ஜோவாத் துண்டைச் சில நிமிஷம் முக்கி, டிராப்பரால் பீய்ச்சி அடித்தால் அட்டைகள் கழன்று விழும். அப்புறம் வேறு தண்ணீரில் அலசித் தொட்டியில் வைக்கலாம். வம்பு முட்டையில்தான். வெள்ளையாகச் சுருண்ட ஜெல்லிச் சுருளாகத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். எந்த மருந்துக் குளியலும் அதை ஒன்றும் செய்யாது. இந்தத் துண்டை நண்பர் கொடுத்த அன்றே முறைப்படி முக்கிக் குளிப்பாட்டித்தான் விட்டேன். கூடவே வந்தது முட்டை. ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும், மறுபடி முதலிலிருந்து.

"பேனை எடுத்தா ஆச்சா? ஈறை யாரு எடுப்பா?" என்றார் அத்தை. அங்கிருந்து தலைமைப் பொறுப்பு கைமாறியது. ஆனால் ஒரு நிபந்தனை. விளக்கு வைத்த பிறகு பேன் பார்க்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது. அது பவளமாக இருந்தாலும் சரி. ஆக, ராத்திரி அட்டை வேட்டை என் ஷிஃப்ட், பகலில் முட்டை வேட்டை அவர் ஷிஃப்ட்.

அத்தை வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கையில் ரப்பர் கையுறை, கண்ணில் என் நீச்சல் கண்ணாடி, அதற்கு முன்னால் பஞ்சாங்கம் படிக்கும் பூதக்கண்ணாடி. துண்டைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் திருப்பி, ஒரு பாலிப்பை இடுக்கியால் மெதுவாகச் சாய்த்து, அடியில் பார்த்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் சுருளை நெம்பி எடுப்பார். பாலிப் கிழியாது. நான் செய்தால் இரண்டில் ஒன்று கிழியும். சிலிண்டர் போட வந்த தம்பி இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

"இதுல எது ஆம்பள, எது பொம்பள?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரெண்டுமே ரெண்டும் அத்தை. எந்த ரெண்டு சேர்ந்தாலும் ரெண்டுமே முட்டை போடும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சமையல் யாரு?"

வீட்டுக்காரர் டிவி சவுண்டைக் கூட்டினார்.

நடுவில் அவரும் தன் பங்குக்குக் கொளத்தூர் போய் ஒரு மஞ்சள் ராஸ் மீனை வாங்கி வந்தார். சின்னப் பூச்சிகளைக் கொத்தித் தின்னும் மீன், ஐடியா தப்பில்லை. பகல் முழுக்கப் பாறை பாறையாகத் துருவிக்கொண்டு பிரமாதமாக ரோந்து போனது. விளக்கு அணைந்ததும் மணலுக்குள் தலைகுப்புறப் புகுந்து தூங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அட்டைகள் வெளியே வரும். சேர்த்து வைத்துப் பார்த்தால் அதனால் கிடைத்த பெரிய பலன், அது துள்ளி வெளியே குதிக்காமல் இருக்கத் தொட்டிக்கு மேல் கொசுவலை போட்டதுதான்.

குளியல், முட்டை எடுப்பு, மறுபடி ஒரு வாரம் கழித்துக் குளியல் என்று ஓடி, ஒரு கட்டத்தில் டப்பாவில் ஒன்றும் விழவில்லை. அடுத்த முறையும் இல்லை. மூடிக் கிடந்த கூட்டம் விரிந்தது. ஓரத்தில் மொட்டு மொட்டாகப் புதுப் பாலிப்கூட வந்திருக்கிறது. அத்தைக்கு முழுத் திருப்தி இல்லை, இன்னும் பூதக்கண்ணாடியோடு ஒரு சுற்று வருகிறார்.

இனி எது வந்தாலும் முதலில் தனித் தொட்டி, சில வாரம் கழித்துத்தான் பெரிய தொட்டி என்று அவரே சட்டம் போட்டுவிட்டார். தனித் தொட்டிக்கு இடம் கிடைத்தது சமையலறை மேடையில். ப்ளக் பாயிண்ட் மட்டும் ஒன்றே ஒன்று, அது கிரைண்டருடையது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒப்பந்தம் ஆனது. சனிக்கிழமை காலையில் மாவு ஆட்டி முடிக்கும்வரை தனித் தொட்டிக்கு பேட்டரி பம்ப். மற்ற நேரத்தில் யாராவது மாவு ஆட்ட நினைத்தால், கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது என்கிறார் அத்தை. பாக்கெட் மாவைத் தொடவே மாட்டேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.