மகனுக்கு ஐக்யூ சோதனை எடுத்தபோது தெரிந்துகொண்டவை

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன் வாயால் கதை சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதே கதையை எழுதச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் எழுத்துகள் இடம் மாறியும் விடுபட்டும் நிற்கும். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிடும்படி வகுப்பாசிரியை சொன்னதால், கண், காது பரிசோதனைகளை முடித்துக்கொண்டு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் சென்றோம். எழுத்துப் பிழைக்கு ஐக்யூ சோதனை எதற்கு என்று என் மனைவி கேட்டாள். மத்திய அரசு 2018-இல் வெளியிட்டு அப்போது நடப்பில் இருந்த வழிகாட்டு நெறிகளின்படி, நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ, 85-க்கு மேல் இருப்பது தெரிந்த பிறகே கற்றல் குறைபாட்டுக்கான சோதனைகளுக்குச் செல்ல வேண்டும் என்றும், பொதுவான அறிவுத்திறனில் குறையில்லாதபோதும் படிப்பதும் எழுதுவதும் மட்டும் பின்தங்குகின்றனவா என்று பிரித்தறியவே இந்த வரிசை என்றும் உளவியலாளர் விளக்கினார்.

அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லரின் குழந்தைகளுக்கான ஐக்யூ சோதனையை நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றி 1969-இல் வெளியிட்ட சோதனையைத்தான் அவனுக்கு வைத்தார்கள். அதில் பொது அறிவு, மனக்கணக்கு, ஒப்புமை காணுதல் போன்றவை மொழிசார் பகுதி. படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பது போன்றவை செயல்சார் பகுதி. பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது என்றாலும், தொடக்கத்தில் அவனுக்குக் கூச்சம் தெளியும்வரை என்னைச் சற்று நேரம் உட்கார அனுமதித்தார்கள். உளவியலாளர் மேசைக்குக் கீழே ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்தார். விடை சரியா தவறா என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, முகத்திலும் காட்டிக்கொள்ளவில்லை. மகன் கொட்டாவி விடத் தொடங்கியதும் நிறுத்தி, மீதியை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார். வீட்டிலேயே கொஞ்சம் பயிற்சி கொடுத்துக் கூட்டி வரட்டுமா என்று கேட்கும் பெற்றோர் உண்டாம். கேள்விகள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

மொழிசார் பகுதியில் 91, செயல்சார் பகுதியில் 113, இரண்டின் சராசரி 102. எங்கள் கண் 102-இல் நின்றது. உளவியலாளரின் கண், சராசரிக்குள் மறைந்துவிடும் 22 புள்ளி வித்தியாசத்தில் நின்றது. ஐக்யூ என்பது உடல் எடையைப் போல ஒருவருக்குள் இருக்கும் ஒன்றின் அளவு அல்ல, அதே வயதுப் பிள்ளைகளின் வரிசையில் இவன் நிற்கும் இடம்தான் என்றார். சராசரியை 100 என்றும், மதிப்பெண்கள் அதிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொள்வதால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வந்துவிடுவார்கள். வேறொரு நாளில் எடுத்தால் சில புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி வீதம் மதிப்பெண்கள் உயர்ந்து வந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். ஆகவே 1969-ஆம் ஆண்டுச் சோதனை போன்ற பழைய அளவுகோலில் கிடைக்கும் எண்ணைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும் என்றார்.

வீட்டில் வேறு ஒரு விசாரணை நடந்தது. "உங்க வம்சத்துக்கே எழுத்து வராதே, மாப்பிள்ளை" என்று மாமனார் தீர்ப்பு எழுதிவிட்டார். அடுத்த சந்திப்பில் இதை நான் கேட்டபோது, உளவியலாளர் ஒரு தாளை எடுத்து எழுதியே காட்டினார். மரபணு முழுவதும் பொதுவாக உள்ள, சேர்ந்து வளரும் ஒத்த இரட்டையரின் ஐக்யூ ஒற்றுமை (1 என்றால் முழு ஒற்றுமை), 1981-இல் பூஷார், மெக்யூ என்ற ஆய்வாளர்கள் திரட்டிய ஆய்வுகளில் சராசரியாக 0.86, மரபணுவில் பாதியளவே பொதுவான ஒத்திராத இரட்டையருக்கு 0.60. இவற்றின் வித்தியாசத்தை இரட்டித்தால் 0.52, அதாவது வேறுபாட்டில் பாதியளவு மரபணுவைச் சார்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாதி, மக்கள்தொகையில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் பாதி. என் மகனின் 102-இல் 51 அப்பா கொடுத்தது என்று பிரிக்க இதில் வழியில்லை. கையில் ஐந்து விரல் முளைப்பது முழுக்க மரபணுவின் வேலை. இருந்தும் ஊரில் விரல் குறைந்தவர்கள் பெரும்பாலும் விபத்தில் இழந்தவர்கள் என்பதால், விரல் எண்ணிக்கை வேறுபாட்டில் மரபின் பங்கு சொற்பம் என்றே கணக்கு வரும். சூழல் மாறினால் விகிதமும் மாறும்: ஆய்வாளர் டர்க்ஹைமரின் குழுவினர் 2003-இல் அமெரிக்காவின் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்தபோது, வறிய குடும்பங்களில் வேறுபாட்டின் 60 சதவீதம் குடும்பச் சூழலாலும் மரபணுவின் பங்கு பூஜ்யத்துக்கு அருகிலும் இருந்தது, வசதியான குடும்பங்களில் ஏறக்குறைய நேர்மாறு. வாசிப்புச் சிக்கல் குடும்பங்களில் தொடர்வது உண்மைதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மாமனாரிடம் அந்தக் கடைசி வரியை மட்டும் நான் சொல்லவில்லை.

பிறகு பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பால் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் பார்த்தார்கள். கணக்கு வயதுக்கேற்றபடி இருந்தது. எழுத்துக்கூட்டல் இரண்டாம் வகுப்பு அளவில் நின்றது. அறிக்கையோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கினோம். அதற்கான வரிசையும் டோக்கனும் எல்லாரும் அறிந்ததுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்குவதால், தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2018 நெறிகள் சொன்னதால் அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். இப்போது சிறப்பாசிரியர் ஒருவர், அவன் சொல்லும் கதைகளையே பாடமாக வைத்து எழுத்துக்கூட்டல் பழக்குகிறார்.