கோத்தகிரி மழையும் ஆப்ட் கட்டளையும்

கோத்தகிரியில் என் மச்சான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையின் பழைய கணினியில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். படங்களைத் திருத்த கிம்ப் வேண்டும், இடத்தை அடைக்கும் விளையாட்டுகளைத் தூக்க வேண்டும் என்றார். ஐப்பசி மாதம். மழை பிடித்தால் எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாயும்; கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். இப்படிப்பட்ட ஊருக்கு மவுஸைவிட, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல்தான் சரிப்படும் என்பது என் கட்சி.

உபுண்டுவில் நிரல்களை நிறுவவும் நீக்கவும் உள்ள கட்டளை 'ஆப்ட்'; முன்னால் வரும் 'சுடோ' அதற்கு நிர்வாகி உரிமை தரும். முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்'. இது எதையும் நிறுவாது, கிடைக்கும் தொகுப்புகளின் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த நிரல்களின்) பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். பழைய குறிப்புகளில் 'ஆப்ட்-கெட்' என்று இருக்கும். 2014-இல் வந்த சுருக்கமான 'ஆப்ட்' இதற்கெல்லாம் போதும்.

அடுத்ததுதான் மலைக்காரர்களுக்கு உதவும் சங்கதி. 'ஆப்ட் இன்ஸ்டால் கிம்ப்' என்பதோடு '--டவுன்லோட்-ஒன்லி' சேர்த்தால் கோப்புகள் வந்து சேரும், நிறுவல் நடக்காது. நெட் பாதியில் அறுந்தாலும் வந்தவரை 'பார்ஷியல்' என்ற அடைவில் கிடக்கும். அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து இறங்கும். ராத்திரி போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம்.

மறுநாள் நிறுவும்போது கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி செத்து வெகுகாலம். திரும்ப வந்து ஆப்ட்டை ஓட்டினால், ஆப்ட்டுக்குப் பின்னால் நின்று நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது என்று பிழை.

"எல்லாம் போச்சா மாப்ள?"

போகவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிழைச் செய்தியே சொல்கிறது: 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பிரித்துப் போட்டு அமைக்காமல் கிடந்த தொகுப்புகளை அது அமைத்து முடித்தது. மிச்சத்தை 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' பார்த்துக்கொண்டது. கோப்புகள் முன்பே வட்டில் இருந்ததால் இதற்கு நெட்டே தேவைப்படவில்லை.

நீக்குவதில்தான் நிதானம் வேண்டும். 'ரிமூவ்' கொடுத்தால் நிரல் போகும், அதன் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் அந்த வரி 'ஆர்சி' என்று தொடங்கும். 'பர்ஜ்' கொடுத்தால் அவையும் போகும். ஆனால் பயனரின் ஹோம் அடைவில் உள்ள அமைப்புகளை இரண்டுமே தொடாது. விளையாட்டுகளுக்கு 'பர்ஜ்'தான் கொடுத்தேன்.

அப்புறம் 'ஆட்டோரிமூவ்'. வேறொன்றுக்குத் துணையாக வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாத தொகுப்புகளை இது கூட்டித் தள்ளும். தேவையா இல்லையா என்பது அதன் கணக்கு, நம் கணக்கு அல்ல. அதனால் முதலில் '-எஸ்' சேர்த்து ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். எதுவும் அழியாது, பட்டியல் மட்டும் வரும். அதில் 'சிம்பிள்-ஸ்கேன்' இருந்தது. மச்சான் தினமும் ஆதார் அட்டைகளை ஸ்கேன் செய்வதே அதில்தான்! 'ஆப்ட்-மார்க் மேனுவல் சிம்பிள்-ஸ்கேன்' என்று கொடுத்ததும் பட்டியலிலிருந்து விலகியது. அதன் பிறகே 'ஒய்' தட்டினேன்.

கட்டபெட்டில் மச்சானின் நண்பரிடமும் அதே உபுண்டு பதிப்பு, அதே 64 பிட் கணினி. இறக்கிய டெப் கோப்புகளை (தொகுப்புகள் வரும் கோப்புகள் இவைதான்) பென்டிரைவில் கொண்டுபோய், அங்கேயும் ஆப்ட் இறக்கியவற்றை வைக்கும் 'ஆர்க்கைவ்ஸ்' அடைவில் போட்டால், பதிப்பு எண் பொருந்துகிறவற்றை அது மறுபடி இறக்குவதில்லை. 'ஆப்ட் கிளீன்' இந்த அடைவைக் காலி செய்துவிடும் என்பதால், நகல் எடுத்த பிறகு அதைக் கொடுத்தேன்.