டயலில் உள்ள பெயர்

“இதைச் செஞ்சவர் இன்னும் இருக்காரா தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார். “இருக்கார்மா, சுவிட்சர்லாந்துல இன்னும் வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கார்” என்று நான் சொன்னேன். ஓவர்ஹால் கட்டணம், வார் மாற்றுவது, எத்தனை வாரம் ஆகும் என்பவற்றைத் தவிர்த்தால் அன்று சர்வீஸ் கவுன்ட்டரில் எங்களுக்கிடையே நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லையும் எவரும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனாலும் அவர் கடிகாரத்தில் பெயர் இருந்த அந்த மனிதர் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

டயலில் இருந்த பெயர் டேனியல் ரோத். பக்கங்கள் நேராகவும் மேலும் கீழும் வளைந்தும் இருக்கும் அந்த இரட்டை நீள்வட்ட உறையைப் பார்த்தாலே, பெயரைப் படிக்காமலும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் உத்தரவாத அட்டையில் இருந்த ஆண்டு 2004. ரோத் நிறுவிய அந்த நிறுவனம் 2000இல் இத்தாலிய நகை நிறுவனமான பல்கரியின் கைக்குப் போய்விட்டது. அதன்பிறகு அந்தப் பெயரில் வெளிவந்தவற்றில் அவருக்குப் பங்கில்லை. மலைப் பள்ளத்தாக்கில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, ஆண்டுக்குச் சில கடிகாரங்களை மட்டும் தன் கையால் செய்கிறார் என்று அந்த அம்மாவின் கணவர் அடிக்கடி சொல்லுவாராம். கணவர் காலமாகிவிட்டார், கடிகாரம் மகனுக்குப் போகிறது, கொடுப்பதற்கு முன் சரிபார்த்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

கணவர் சொன்னது பொய்யும் அல்ல என்பதுதான் சிக்கல். ரோத் அப்போது சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் தன் பட்டறையில் உட்கார்ந்து, ஈர்ப்பு விசையால் வரும் நேரப் பிழையைக் குறைக்கச் சுழலும் கூண்டு கொண்ட டூர்பியோன் கடிகாரங்களை, அதுவும் ஆண்டுக்கு இரண்டு மூன்றைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் அவற்றின் டயலில் ழான் டேனியல் நிக்கோலா என்று இருந்தது. ரோத் என்ற அவருடைய குடும்பப் பெயர் அங்கே இல்லை, ஏனெனில் அது விற்கப்பட்ட சொத்தில் ஒன்றாகப் போய்விட்டது.

பிரான்சின் நீஸ் நகரத்துக் கடிகாரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஓடேமார் பிகே நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரை 1970களில் பாரிஸ் நகை வணிகர்களான ஷோமே சகோதரர்கள் அழைத்து, தாங்கள் வாங்கியிருந்த ப்ரெகே என்ற பழைய கடிகார நிறுவனத்தின் பெயருக்கு உயிர் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். தேர்ந்த கலைஞர் என்று பெயரெடுத்த பிறகும், சிக்கலான பொறியமைப்புகளைப் படிப்பதற்காக அவர் மறுபடியும் கடிகாரப் பள்ளிக்குப் போனார். இந்தத் தொழிலுக்கு வந்த இளைஞர்களிடம் அவரைப் பற்றி நான் முதலில் சொல்வது அதைத்தான். நாணய விளிம்புபோல் வரியிட்ட உறை, கையால் இயக்கும் பொறியில் செதுக்கிய டயல், நுனிக்கருகே துளை வட்டம் உள்ள நீல முட்கள் என்று இன்று ப்ரெகேயின் அடையாளங்களாக உலகம் காணும் பழைய கூறுகள் கைக்கடிகாரத்தில் மீண்டும் நிலைபெற்றது அவர் காலத்தில்தான். 1987இல் ஷோமே சகோதரர்கள் திவாலானார்கள், ப்ரெகே கைமாறியது, ரோத் வெளியேறித் தன் பெயரிலேயே தொழில் தொடங்கினார். 1990களில் எங்கள் ஊரான சிங்கப்பூரின் தி அவர் கிளாஸ் கடிகார விற்பனை நிறுவனம் அதில் பங்கு வாங்கியது. அந்த அம்மாவின் கணவரைப் போன்றவர்களுக்கு ரோத் பழக்கமான பெயரானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது என் தரப்பைச் சொல்ல வேண்டும். ஒருவருடைய பெயர் தாங்கிய கடிகாரத்தை அவரேதான் செய்திருக்க வேண்டும் என்று இந்தத் தொழில் என்றைக்கும் கோரியதில்லை. பிரெஞ்சு அரசி மரி ஆன்ட்வானெத்துக்காக 1783இல் கேட்கப்பட்ட 160ஆம் எண் கடிகாரம் முடிந்தது 1827இல். அரசி 1793இல் கில்லட்டினில் மாண்டார், அதைச் செய்யத் தொடங்கிய ஆபிரகாம்-லூயி ப்ரெகேயும் 1823இல் இறந்துவிட்டார். முடித்தது மகனுடைய பட்டறை. அதை ப்ரெகேயின் கடிகாரம் இல்லை என்று எந்த அருங்காட்சியகமும் சொல்வதில்லை. அவ்வளவு தூரம் போவானேன், ரோத்தே பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் திறமையை எல்லாம் கொட்டியது ப்ரெகே என்ற இன்னொருவர் பெயரின் கீழ்தானே? அவருடைய புகழ்பெற்ற இருமுக டூர்பியோனுக்கும் அடிப்படை மூவ்மென்ட், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம், லெமானியா என்ற வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தது. அப்படியிருக்க, 2004ஆம் ஆண்டுக் கடிகாரத்துக்கு மட்டும் நான் ஏன் தனிச் சட்டம் போட வேண்டும்?

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு வேறுபாட்டை நான் தாண்டிப் போகிறேன். 160ஆம் எண்ணை முடித்தவர்கள் இறந்துபோன ஒருவரின் பணியைத் தொடர்ந்தார்கள். ரோத் உயிரோடு, அதே நாட்டில், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதனால்தான் “இருக்கார்மா” என்ற பதில் அந்த அம்மாவின் காதில் வேறு பொருளைக் கொடுத்திருக்கும். இறந்துவிட்டார் என்பது உண்மையாக இருந்திருந்தால், நான் சொல்லும் பதில் எதையும் மறைத்திருக்காது.

இன்னொன்று, “இருக்கார்மா” என்பதோடு நான் நிறுத்தவில்லை. இன்னும் வேலை செய்கிறார் என்பதை அவர் கேட்கவே இல்லை, நானாகச் சேர்த்தேன். இரக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், கணவரை இழந்தவரிடம் கவுன்ட்டரில் வைத்து நிறுவன விற்பனை வரலாற்றை விரிப்பது பண்பில்லை என்று. அதில் உண்மை உண்டு. ஆனால் பண்புக்கு முதல் பாதியே போதுமே. இரண்டாவது பாதி, எனக்கு இந்த விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் வந்திருக்கக்கூடும். எங்கள் வேலையில் வாடிக்கையாளர் முன்னால் சொல்ல நமக்கென்று அதிகம் இருப்பதில்லை, நிறுவனரின் கதைதான் கைவசம் இருக்கும்.

பட்டறையின் மூத்த தொழில்நுட்பர், சீனர், முப்பதாண்டு அனுபவம் உள்ளவர், இதைக் கேட்டுவிட்டு, விற்க வந்தாரா வைத்துக்கொள்ள வந்தாரா என்று மட்டும் கேட்டார். வைத்துக்கொள்ள என்றேன். அப்படியானால் சொல்ல வேண்டியதில்லை என்றார். விற்க வந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். ரோத் நேரடியாக இருந்த காலத்தவற்றையும் பிந்தியவற்றையும் சேகரிப்பாளர்கள் வேறு வேறு விலையில்தான் பார்க்கிறார்கள். எங்கள் இருவருக்கும் அது இயல்பாகத் தோன்றியது. பணம் நடுவில் வந்தால் ஆண்டு முக்கியம், மகனுக்குக் கொடுக்கும்போது முக்கியமில்லை என்பது எப்படி எங்களுக்கு விதியாயிற்று என்று அன்று நான் யோசிக்கவில்லை.

பின்மூடியைத் திறந்தபோது உள்ளே குறை சொல்ல ஒன்றும் இல்லை. சக்கரங்களைத் தாங்கும் பாலங்களின் விளிம்புகள் சரிவாக மெருகேற்றப்பட்டிருந்தன, திருகுகளின் பிளவு எதிலும் கீறல் இல்லை. பழைய எண்ணெய் காய்ந்திருந்தது, அவ்வளவே. வட்டமில்லாத உறை என்பதால், நீர் புகாமல் தடுக்கும் கேஸ்கட் வருவதற்குத்தான் தாமதமாயிற்று. யாரோ சிலர் ஒழுங்காகச் செய்த வேலை. ரோத் செய்யவில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால், பின்னே யார் செய்தது என்று கேட்டிருப்பார், அதற்கு என்னிடம் பெயரில்லை. பழுது பார்ப்பவர்கள் பின்மூடியின் உட்புறம் தங்கள் குறியையும் தேதியையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கீறி வைக்கும் பழைய வழக்கமும் எங்கள் பட்டறையில் அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே நான் வேலை செய்ததற்கும் அதில் தடயமில்லை.

பல்கரியைப் பின்னர் வாங்கிய எல்விஎம்எச் குழுமம் 2023இல் டேனியல் ரோத் பெயரை மீண்டும் தனி அடையாளமாகக் கொண்டுவந்தது. முதலில் இருபது தங்க டூர்பியோன்கள். அதையொட்டி அவருடைய பழைய கடிகாரங்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்த மகன் இப்போது கைப்பேசியில் ஒரு நிமிடம் தேடினால் 2000க்குப் பின் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அப்போது அவர் அப்பா ஏமாந்தார் என்று நினைப்பாரா, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பாரா, அல்லது எதையுமே நினைக்காமல் சாவி திருகிக் கட்டிக்கொண்டு போவாரா? மூன்றாவதுதான் நடக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. அந்த அனுபவத்தை நம்பித்தானே அன்று அந்தப் பதிலைச் சொன்னேன் என்பதால், இதில் மட்டும் அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

சில காலம் கழித்து, நிறுவனர் விலகிய வேறொரு பெயரின் கடிகாரத்தோடு ஓர் இளைஞர் வந்து ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை ஆண்டு, விற்பனை, நிறுவனர் விலகியது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. கடைசியில், “அப்போ சர்வீஸ் சார்ஜ்ல ஏதாச்சும் குறைப்பீங்களா சார்?” என்றார்.